சிரிக்காத பிள்ளைக்குத் தனிக் கட்டணம் இல்லை

குடும்பப் படம் எடுத்துப் பிழைக்கிறவர்களுக்குக் குடும்பம் இருக்கக் கூடாது என்று யாராவது சட்டம் கொண்டுவந்தால், முதல் கையெழுத்து என்னுடையது. கதிர்காமத்தில், வழுதாவூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் கீழே ஸ்டுடியோ, மேலே வீடு. கீழே உட்கார்ந்து வாடிக்கையாளரிடம், "குழந்தைங்கன்னா எங்களுக்கு உயிருங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேலே எங்கள் உயிர்கள் இரண்டும் எதையோ போட்டு உடைக்கும். வந்தவர் அண்ணாந்து பார்ப்பார். நான், "பூனைங்க" என்பேன். அடுத்த நொடி பூனை, "அம்மா, இவன் என்னைக் கடிச்சிட்டான்" என்று கத்தும்.

பெரியவள் யுகேஜி. சின்னவனை இன்னும் பள்ளிக்கூடத்தில் போடவில்லை. போடுகிற அன்றைக்கே மணக்குள விநாயகருக்கு நூற்றெட்டுத் தேங்காய் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். கேமரா, லைட், ஆல்பம் டிசைன் எல்லாம் வீட்டுக்காரர். விளம்பரம் மட்டும் என் இலாகா. ஏன் என்று கேட்டதற்கு, "நீதான் வீட்டுல சும்மா இருக்கே" என்றார். அப்போது என் இடுப்பில் ஒருவன், முந்தானையைப் பிடித்துத் தொங்கியபடி ஒருத்தி, அடுப்பில் பால்.

மாமா (என் மாமனார்) காலத்தில் இந்த இலாகாவே கிடையாது. வாசலில் ஒரு கண்ணாடி ஷோகேஸ். அதுதான் விளம்பரம், அதுதான் நற்சான்றிதழ். அதற்குள் எல்லா ஊர் ஸ்டுடியோவிலும் இருக்கும் அதே படங்கள். மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி. இரவல் அங்கியும் கையில் சுருட்டிய காகிதமுமாக ஒரு பட்டதாரி. பூத்தைத்த சடை தெரிய வேண்டுமென்று முதுகுக்குப் பின்னால் நிலைக்கண்ணாடி வைத்து எடுத்த ஒரு பெண். அப்புறம், குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கிப் பார்க்கும் ஒரு பிள்ளை. உடம்பில் அரைஞாண் கயிறு தவிர வேறொன்றும் இல்லை. அந்தக் காலத்தில் பிள்ளை குப்புற விழுந்த சேதி பாட்டி வீட்டுக்குப் போவதற்கு முன்னால் ஸ்டுடியோவுக்கு வந்துவிடுமாம்.

எங்கள் ஷோகேஸ் பிள்ளை வருஷக்கணக்காக வெயில் பட்டுப்பட்டு, சிவப்பெல்லாம் வெளுத்து, கிருஷ்ணர் நிறத்துக்கு வந்துவிட்டது. ஒரு நாள் சாயங்காலம் மீசை வைத்த ஓர் இளைஞர் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். பாஸ்போர்ட் சைஸா என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டி, முகவாயால் ஷோகேஸைக் காட்டி, "அது நான்தாங்க" என்றார். "எது?" என்றேன், பட்டதாரியைப் பார்த்துக்கொண்டு. "கீழ வரிசை." கீழ வரிசையில் ஒருவர்தான் இருந்தார். "நாளைக்குப் பொண்ணு வீட்டுலேர்ந்து வராங்க. இந்த வழியாத்தான் வருவாங்க. கொஞ்சம் எடுத்துடுங்களேன், அக்கா."

சத்தம் கேட்டு அத்தை வந்தார். படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். "அட, நீயாப்பா? அப்படியே இருக்கே" என்றார். அந்த இளைஞர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. அத்தை அதோடு விடவில்லை. "எடுத்துடறேன் கண்ணு. ஆனா கல்யாண ஆல்பம் நம்மகிட்டதான், என்னா?" என்றார். மறுபேச்சில்லாமல் அட்வான்ஸ் வந்தது. நான் ரீல்ஸ் போட்டு, ஸ்டேட்டஸ் போட்டு, ஹேஷ்டேக் போட்டு ஒரு காதுகுத்து பிடிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடுகிறது. அத்தை ஒரு நிர்வாணப் படத்தை வைத்து ஒரு கல்யாணத்தையே பிடித்துவிட்டார்.

பிள்ளைகளைப் படத்துக்குள் அடக்க முடியாமல் திண்டாடுவது எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த வினை இல்லை என்பதில் எனக்கொரு ஆறுதல். தாகேர் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த புகைப்பட முறையைப் பிரெஞ்சு அரசு அவருக்கு ஆயுள் ஓய்வூதியம் கொடுத்து வாங்கி, 1839 ஆகஸ்ட் 19 அன்று உலகறிய வெளியிட்டது. அந்த நாளைத்தான் இப்போது உலகப் புகைப்பட நாள் என்று கொண்டாடுகிறோம். அன்றைக்குப் புதுச்சேரியும் பிரெஞ்சுக்காரர்கள் கையில்தான் இருந்தது; ஆகவே இந்தத் தொழிலில் நமக்கு வாரிசு உரிமை உண்டு என்பது மாமாவின் கட்சி. உரிமை இருக்கட்டும். கேமராவைக் கொடுத்தவர்கள் பிள்ளையை அசையாமல் உட்காரவைக்கும் வித்தையைச் சேர்த்துக் கொடுக்கவில்லையே!

ஆரம்பத்தில் ஒரு படத்துக்கு வெயிலில் நிமிஷக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். பெரியவர்களுக்குக் கழுத்துக்குப் பின்னால் இரும்பு முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். கைக்குழந்தைக்கு? அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, தலையோடு கால் துணியால் போர்த்தி, அவள் மடியில் பிள்ளையை வைத்து எடுத்தார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இப்படி எடுத்த படங்கள் ஏராளம். பார்த்தால் பிள்ளை நாற்காலியில் தனியாக இருப்பதுபோல் இருக்கும். கூர்ந்து பார்த்தால் நாற்காலிக்குத் தலையும் தோளும் இருக்கும். அப்புறம் வந்தவர்கள் பித்தளையில் ஒரு குருவி செய்து, ரப்பர் பந்தை அமுக்கினால் அது கத்துகிற மாதிரி வைத்தார்கள். "இங்க பாரு, குருவி பாரு" என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்தக் குருவி நிஜமாகவே இருந்தது. இப்போது குருவிக்குப் பதில் செல்ஃபோனில் ரைம்ஸ். போர்வைக்குள் இருக்கும் அம்மா மட்டும் மாறவில்லை. எங்கள் ஸ்டுடியோவில் பிள்ளை உட்காரும் பஞ்சு மேகத்துக்குப் பின்னால் முட்டி போட்டு, பிள்ளையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருப்பது நான்தான்.

நம் ஊர்ப் பிள்ளைகள் கேமராவுக்கு முன்னால் நின்ற கதைக்கு ஆவணமே இருக்கிறது. செயின்ட் லூயி வீதியில் இருக்கும் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடிப் பிடித்து டிஜிட்டலாக்கியது. 1880இலிருந்து ஒரு நூறு வருஷத்துக் குடும்பப் படங்கள். அந்தக் காலப் படங்களில் பிள்ளைகளைப் பாருங்கள்: இரண்டு சைஸ் பெரிய கோட்டு, எண்ணெய் வழியப் படிய வாரிய தலை, கேமராவைப் போலீஸ்காரராக நினைத்துப் பார்க்கும் பார்வை. சிரிக்கிற பிள்ளையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். யாரும் ஸ்டுடியோக்காரரிடம் சண்டைக்குப் போகவில்லை. இன்றைக்கு ஒரு படத்தில் பிள்ளை சிரிக்கவில்லை என்றால் பேலன்ஸ் பணம் வருவதில்லை.

விளம்பரத்துக்கு வருவோம். படம் போட்டால்தான் ஆள் வரும். வாடிக்கையாளர் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்காமல் போட முடியாது, கேட்டால் "கண்ணு படும்" என்பார்கள். மாடல் பிடிக்கக் காசில்லை. ஆகவே வீட்டுச் சரக்குதான். கிருஷ்ணர் என்றால் என் மகன், ராதை என்றால் என் மகள். கிறிஸ்துமஸ் தாத்தாவும் அவனே. பாரதியார் இந்த ஊரில் பத்து வருஷம் இருந்தவராயிற்றே என்று செப்டம்பரில் அவருக்கும் ஒரு ரீல். கண் மையால் மீசை வரைந்து, என் பழைய துப்பட்டாவில் முண்டாசு கட்டி, கறுப்புக் கோட்டு மாட்டினோம். பாரதியார் கோபம் வந்து மீசையைப் புறங்கையால் துடைத்து, அந்தக் கையைப் புது வெள்ளைத் திரையில் துடைத்தார். அந்தத் திரை இன்னும் வெளுக்கவில்லை; அந்த இடத்துக்கு நேராக ஒரு பூந்தொட்டி வைத்துச் சமாளிக்கிறோம்.

இதன் பலனாக எங்கள் பக்கம் முழுக்க இரண்டே முகம். ஓர் அம்மா ஃபோன் செய்து, "உங்ககிட்ட எடுத்தா எங்க புள்ளைக்கும் இதே மூஞ்சி வந்துடுமா?" என்று கேட்டார். கிண்டலா, பயமா என்று இன்றுவரை தெரியவில்லை. மகளுக்கோ தொழில் பிடிபட்டுவிட்டது. ஒரு படத்துக்கு ஒரு கிண்டர் ஜாய் என்று ரேட் பேசுகிறாள். அட்வான்ஸ் வாங்காமல் முகத்தைத் திருப்புவதில்லை.

இதில் எனக்கு ஒரு நெருடலும் உண்டு. அந்த மீசைக்காரர் வந்து கேட்டதும் ஷோகேஸைத் திறந்து படத்தை எடுத்துவிட்டோம். நாளைக்கு என் மகள் வந்து, "அம்மா, அதை எடுத்துடு" என்றால் எங்கே போய் எடுப்பது? இணையத்துக்குப் பின்பக்கக் கதவும் இல்லை, சாவியும் இல்லை. அதனால் குளிக்கிற படம், அழுகிற படம், உடுப்பில்லாத படம் எதையும் போடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். "அதுதானே நல்லா ஓடும்" என்கிறார் வீட்டுக்காரர். ஓடட்டும், அவர் சின்ன வயசுப் படத்தைப் போடலாம் என்றேன். பேச்சு அத்தோடு நின்றது.

கடைக்கு ஒரு ஃபோன், வீட்டுக்கு ஒரு ஃபோன் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள் விவரம் தெரிந்தவர்கள். எங்களுக்கு இருப்பது ஒன்றுதான், அதுவும் சின்னவனுக்குச் சோறு ஊட்டும் நேரத்தில் அவனுடையது. "மேடம், ஃபர்ஸ்ட் பர்த்டே பேக்கேஜ் ரேட் என்ன?" என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் கேட்டிருக்கிறார். என் மகன் பதிலுக்குப் பன்றி, பேய், ஹெலிகாப்டர், அப்புறம் சொல்லக் கூடாத ஒரு பொம்மை என்று வரிசையாக அனுப்பியிருக்கிறான். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஓகே மேடம். கடைசி ரேட் சொல்லுங்க" என்று போட்டிருந்தார். பிள்ளை கையில் ஃபோன் போனாலே இந்தக் கதி; 1900இல் கோடக் கம்பெனி பிரவுனி என்று ஒரு கேமராவைக் குழந்தைகளும் எடுக்கலாம் என்று சொல்லி ஒரு டாலருக்கு விற்றதாம். அந்த யோசனை யாருக்கு வந்ததோ, அவர் வீட்டில் பிள்ளைகள் இருந்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் லென்ஸ் மூடி எப்போதும் அரிசி டப்பாவில்தான் கிடைக்கும்.

இவ்வளவுக்கும் நடுவில் கடையைத் தூக்கி நிறுத்துவது இந்த ஊருக்கே உரிய ஒரு வருமானம். ஆடி வந்தால் முகூர்த்தம் இல்லை. மற்ற ஊர் ஸ்டுடியோக்காரர்கள் ஈ ஓட்டுவார்கள். எங்களுக்கு அப்போதுதான் பிரான்ஸில் இருக்கும் சொந்தங்கள் ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைக்கு வந்து இறங்கும். 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள், பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்கும் சொல்தாக்கள், அவர்கள் பேரன் பேத்திகள். குரூப் போட்டோ ஒன்று, கூடவே பாஸ்போர்ட்டுக்குப் படம்.

அந்தப் பாஸ்போர்ட் படம் இருக்கிறதே! பிரெஞ்சுப் படத்துக்கு அகலம் 35 மில்லிமீட்டர், உயரம் 45, அதற்குள் முகம் 32இலிருந்து 36 வரை. பின்னணி வெளிறிய நிறமாக இருக்க வேண்டும், ஆனால் வெள்ளை கூடாது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு வெள்ளைதான் வேண்டும். ஒரு சொல்தா தாத்தா குடும்பத்தோடு வந்தார். தாத்தாவுக்கு இளஞ்சாம்பல் திரை. அவர் மருமகன் இந்தியர், அவருக்கு வெள்ளைத் திரை. தாத்தாவின் மகளுக்கு மறுபடி சாம்பல். ஒரே குடும்பம், ஒரே ஸ்டூல், இரண்டு குடியரசு. வீட்டுக்காரர் திரையை ஏற்றி இறக்கியே தோள்பட்டை வலி வந்து படுத்தார்.

கடைசியாகக் கைக்குழந்தை. அதுவும் பிரெஞ்சுப் பிரஜை. கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், படத்தில் பொம்மையோ வேறொருவர் கையோ தெரியக் கூடாது. கைக்குழந்தைக்குக் கண்ணுக்கும் வாய்க்கும் ஒரே ஸ்விட்ச். கண் திறந்தால் வாயும் திறக்கும், வாய் மூடினால் கண்ணும் மூடிவிடும். சாம்பல் துணி விரித்துப் பிள்ளையைக் கிடத்தி, வீட்டுக்காரர் இரண்டு ஸ்டூலில் காலை அகட்டி நின்று மேலிருந்து எடுத்தார். குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, பிள்ளை ஒரு கணம் கண்ணைத் திறந்து வாயை மூடியது. கிளிக். தாத்தா கைதட்டினார். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் ஓரத்தில், பிள்ளையின் காதைத் தொட்டுப் பார்க்க நீளும் ஒரு குட்டி விரல். காரச்சேவு மஞ்சள். என் மகன் எப்போது மேலிருந்து இறங்கினான், எப்படி ஸ்டூலுக்கு அடியில் புகுந்தான் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

தாத்தா கோபிக்கவில்லை. அந்த விரல் தெரியும் படத்தையே பெரிதாகப் பிரிண்ட் போடச் சொல்லி, பாரிஸ் புறநகரில் இருக்கும் பெரிய மகளுக்கு எடுத்துப்போனார். அதற்கப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் சிலர் கடை பேரைச் சொல்வதில்லை. "அந்தக் குட்டிப் பையன் இருக்கிற ஸ்டுடியோ இதானா?" என்று கேட்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வெளிப்படப்பிடிப்பு. துய்மா வீதி, ரோமன் ரோலன் வீதி மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் ஜோடி ஜோடியாக நிற்பார்கள். ஒரு காகிதப்பூ மரத்தடிக்கு வரிசை. சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் ட்ரோனோடு வருகிற கம்பெனிகளுக்கு நடுவே, இடுப்பில் பிள்ளையும் கையில் ரிஃப்ளெக்டருமாக நான். ஒரு ஜோடி கண்ணோடு கண் பார்த்து உருகிக்கொண்டிருந்த நேரத்தில் என் மகள் அந்த மாப்பிள்ளையிடம் போய், "மாமா, ஜிப்பு" என்றாள். அந்த ஜோடி எங்கள் வாடிக்கைகூட இல்லை.

இந்த ஊருக்கு 1950 ஏப்ரலில் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-ப்ரெஸோன் வந்திருக்கிறார். சரியான கணத்துக்குக் காத்திருந்து அமுக்குவதில் மன்னர். ஆசிரமத்தில் அரவிந்தரைப் படம் எடுத்தார். அந்த வருஷம் டிசம்பரில் அரவிந்தர் மறைந்துவிட்டார். வீட்டுக்காரர் அந்தப் படங்களைக் காட்டி, "பாரு, என்ன ஒரு அமைதி" என்று அடிக்கடி உருகுவார். ஏன் இருக்காது? ப்ரெஸோனுக்கு உட்கார்ந்து கொடுத்தவர் ஒரு யோகி. சின்னவனை ஒரு நாள் அவரிடம் விட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

காசு கட்டி ஆன்லைன் விளம்பரமும் கொடுத்துப் பார்த்தோம். இடம் என்ற கட்டத்தில் வீட்டுக்காரர் கதிர்காமம் என்று தேர்ந்தெடுத்தார். விசாரிப்புகள் குவிந்தன. எல்லாம் இலங்கையிலிருந்து. முருகன் கோயில் கொண்ட அந்தக் கதிர்காமத்தை வைத்து, ஒருவர் மிகுந்த மரியாதையோடு, காவடிக்கு வந்து படம் எடுப்பீர்களா என்று கேட்டிருந்தார். முருகனே கூப்பிடுகிறார் போலிருக்கிறது என்று மாமா சொன்னார். கட்டிய காசுக்கு அந்தப் புண்ணியம்தான் மிச்சம்.

கடைசியில் பிடிபட்ட வழி இதெல்லாம் இல்லை. ஒரு நாள் மத்தியானம் ஃபோன். மறுமுனையில் ஓர் அம்மா. அவர் குரலுக்குப் பின்னால் ஒரு பிள்ளை வீறிட்டு அழுகிறது. என் குரலுக்குப் பின்னால் இரண்டு. நான் ரேட் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை, அவர் தேதி சொன்னது எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சும்மா இருந்தோம். அப்புறம் அவர், "உங்க வீட்டுலயும் இப்படித்தானா?" என்றார். "தினமும்" என்றேன். "அப்போ சனிக்கிழமை வரோம். இன்னொரு ஸ்டுடியோவுல கேட்டேன், புள்ள கோஆபரேட் பண்ணுமான்னாங்க. ஒன்றரை வயசு, எதுக்குங்க கோஆபரேட் பண்ணும்?"

சனிக்கிழமை வந்தார்கள். பிள்ளை அழுதது. இரண்டு பாட்டிகளும் இரண்டு பக்கம் நின்று "சிரிடா ராஜா" என்று கத்த, இன்னும் அழுதது. என் மகன் இறங்கி வந்து தன் பிஸ்கட்டைப் பாதி கடித்துவிட்டு மீதியை நீட்டினான். பிள்ளை அதை வாங்கிக்கொண்டு, கன்னத்தில் கண்ணீரோடு, அவனை ஒரு பார்வை பார்த்தது. அந்தப் படத்தைத்தான் பெரிய சட்டம் போட்டு மாட்டச் சொன்னார் அப்பா வழிப் பாட்டி. "இதான் எங்க புள்ள. அந்தச் சிரிக்கிறது யாரோ" என்றார்.

அன்றிலிருந்து பூனைக் கதையை விட்டுவிட்டேன். சத்தம் கேட்டு யாராவது அண்ணாந்து பார்த்தால், "எங்க பசங்கதான்" என்கிறேன். பெரும்பாலும் அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிகிறது. ஃபோன் பேசும்போது கதவைச் சாத்துவதையும் விட்டுவிட்டேன். பொன்னான தருணங்கள் என்று ரீல்ஸில் எழுதுவதற்கு அந்த அழுகைச் சத்தம் எவ்வளவோ மேல். அதற்குக் காசும் கட்ட வேண்டியதில்லை.

ஆகவே காதுகுத்து, முதல் பிறந்தநாள், மணிவிழா எது வைத்திருந்தாலும் வாருங்கள். பிள்ளைக்கு வயிற்றுக்குக் கொடுத்து, தூங்கி எழுந்த பிறகு கூட்டிவாருங்கள். புதுச் சட்டையை இங்கே வந்து மாட்டிக்கொள்ளலாம். பழக்கப்பட்ட பொம்மை ஒன்று கையோடு இருக்கட்டும். "சிரி, சிரி" என்று யாரும் சொல்லக் கூடாது, முக்கியமாகப் பாட்டிகள். சிரிக்காத பிள்ளைக்குத் தனிக் கட்டணம் இல்லை. ஒன்றே ஒன்று: மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை தயவுசெய்து ஃபோன் செய்யாதீர்கள். புதுச்சேரிக் கடைகள் அந்த நேரத்தில் சாத்திவிடுவது பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வழக்கம் என்பார்கள். நாங்கள் சாத்துவது சின்னவன் தூங்குகிறான் என்பதால்.